நடுவில் நிற்பவரின் உழைப்பு



விளையாட்டைப் பற்றி வானொலியிலே பேசுவோர் பெரும்பாலும் ஆட்டக்காரரைப் பற்றியே பேசுவர். அஃது இயல்பே. பந்தை உதைப்பவரும், ஓட்டங்களைக் குவிப்பவரும், ஓட்டப் பந்தயத்திலே நாடாவை முதலில் தொடுபவருமே மைதானத்துக்கு மக்களை ஈர்ப்பவர்கள். ஆயினும் அதே மைதானத்தில், எந்த அணியையும் சேராதவராய், எவரும் கைதட்டி வரவேற்காதவராய், ஆட்டம் முடிந்தபின் எவர் நினைவிலும் நில்லாதவராய் ஒருவர் இருக்கின்றார். அவரே மத்தியஸ்தர். நேர்முக வருணனையிலே அவர் பெயர் அடிக்கடி அடிபடுமாயின், அவருடைய தீர்ப்பொன்று ஐயத்துக்கு இடமாயிற்று என்பதே பெரும்பாலும் அதன் பொருளாகும். இன்றைக்கு அவரைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச விரும்புகின்றேன்.

நான் எடுத்துக்கொள்ளும் வினா மிகச் சிறியது. அகில இலங்கை மட்டத்து இறுதிப் போட்டியிலே ஒரு மத்தியஸ்தர் எவ்வளவு சிரத்தையுடன் ஓடி, உற்றுநோக்கித் தீர்ப்பளிக்கின்றாரோ, அவ்வளவு சிரத்தையை ஒரு கிராமத்துப் பாடசாலையின் பின்புற வெளியிலே, 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆடும் முதற்சுற்று ஆட்டத்திலும் அவர் காட்ட வேண்டுமா? “சின்னப் பிள்ளைகளின் ஆட்டந்தானே, அதற்கு ஏன் இவ்வளவு?” என்னும் பேச்சு நம்மிடையே சாதாரணமாகக் கேட்பது. பல ஆண்டுகளாகப் பாடசாலை மைதானங்களின் ஓரத்திலே நின்று பார்த்தவன் என்ற முறையில், அப்பேச்சு பிழையானது என்று நான் கருதுகின்றேன். அது மாத்திரமன்று. பெரிய ஆட்டத்தைக் காட்டிலும் சிறிய ஆட்டத்துக்கே மத்தியஸ்தரின் முழு முயற்சி அதிகமாக வேண்டும் என்பது என் துணிபு. அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுகின்றேன்.

முதலிலே, மத்தியஸ்தர் என்பவர் மைதானத்துக்குள் எவ்வாறு வந்தார் என்பதைப் பார்ப்போம். 1863ஆம் ஆண்டு இங்கிலாந்திலே உதைபந்தாட்டச் சங்கம் தோன்றித் தன் முதல் விதிகளை வகுத்தபோது, அவ்விதிகளிலே மத்தியஸ்தரைப் பற்றிய பேச்சே இல்லை. கனவான்கள் ஆடும் ஆட்டத்தில் எழும் பிணக்குகளைத் தமக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வர் என்பதே அக்காலத்தவரின் எண்ணம். ஆட்டம் பரவிப் போட்டி மிகுந்ததும் அந்த எண்ணம் நிலைக்கவில்லை. ஒவ்வோர் அணியும் தன் சார்பிலே ஒரு நடுவரை நியமித்துக்கொண்டது. அவ்விருவரும் உடன்படாதபோது கேட்டுத் தெளிவதற்கென மூன்றாம் ஒருவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றார். 1891ஆம் ஆண்டிலேதான் அந்த மூன்றாமவர் கோட்டைத் தாண்டி உள்ளே அழைக்கப்பட்டார். முன்னைய நடுவர் இருவரும் எல்லைக்கோட்டுக்குச் சென்று அவருக்குத் துணைவராயினர். தண்ட உதை என்னும் விதியும் அதே ஆண்டிலேயே இடம்பெற்றது. ஆட்டக்காரர் முறையிடாமலே தீர்ப்பளிக்கும் அதிகாரம் பின்னர் அவருக்கு உரியதாயிற்று.

இச்சிறு வரலாற்றிலே ஒரு பாடம் உண்டு. வெளியே நின்று, கேட்டால் மட்டும் சொல்லுபவராக இருந்த ஒருவரை, உள்ளே வந்து, அருகிலிருந்து கண்டு, தாமாகவே சொல்லுபவராக ஆக்கியதே அந்த மாற்றத்தின் கருத்து. அவர் உள்ளே அழைக்கப்பட்டது அருகிலே இருப்பதற்காகவே. ஆகவே, உள்ளே வந்தும் அருகிலே செல்லாத மத்தியஸ்தர், தமக்கு முன்னிருந்தோர் நின்ற இடத்துக்கே திரும்பிச் சென்றவர் ஆகின்றார். கோட்டுக்கு வெளியே நின்றால் என்ன, நடுவட்டத்திலே அசையாது நின்றால் என்ன? இரண்டும் ஒன்றே.

மத்தியஸ்தர் என்ற வடசொல்லும் நடுவர் என்ற தமிழ்ச்சொல்லும் நடுவிலே நிற்பவர் என்றே பொருள்படும். நடுவுநிலைமை என்று ஓர் அதிகாரத்தையே திருவள்ளுவர் வகுத்து, அங்கே தராசை உவமையாக எடுத்துக் காட்டியிருப்பதை நாம் அறிவோம். பொதுவாக நடுவுநிலைமையை ஒரு மனநிலையாகவே நாம் கொள்ளுகின்றோம். மனம் ஒரு பக்கம் சாயாதிருந்தால் போதும் என்று எண்ணுகின்றோம். மைதானத்திலே அது போதாது. தராசுத் தட்டிலே பண்டத்தைப் பிறர் கொண்டுவந்து வைப்பர். மத்தியஸ்தரோ தாம் நிறுக்க வேண்டியதைத் தாமே ஓடிச்சென்று காணவேண்டியவர். அவருடைய நடுவுநிலைமை அவர் மனத்திலே தொடங்குகின்றது. ஆனால் அவர் கால்களிலேதான் நிறைவேறுகின்றது.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குகின்றேன். ஓர் உதைபந்தாட்டத்திலே இரு சிறுவர் பந்துக்காக ஓடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் விதிப்படி ஆடுபவன். மற்றவன் எதிரியின் சட்டையைப் பிடித்து இழுப்பவன், முழங்கையால் இடிப்பவன். மத்தியஸ்தர் நாற்பது மீற்றருக்கு அப்பால் நிற்கின்றார். இழுத்ததை அவர் காணவில்லை. அவருக்கு எவரிடத்தும் பகையில்லை, எவரிடத்தும் பற்றுமில்லை. ஆயினும் அவர் காணாமையினால் பயன் பெற்றவன் யார்? இழுத்தவனே. நட்டமடைந்தவன் யார்? விதியைக் காத்தவனே. காணாமை இரு பக்கத்துக்கும் சமமானது என்று எண்ணுவது பெருந்தவறு. அஃது எப்பொழுதும் முரடனுக்கே துணைபோகின்றது. அவ்வாறு நாலைந்து தடவை நிகழ்ந்துவிட்டால், நல்லவனாக ஆடிய சிறுவனும் சட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொள்வான். ஆகையினாலே, மத்தியஸ்தரின் சோம்பலும் ஒருவகைப் பாரபட்சமே என்று நான் சொல்லுவேன்.

ஓட வேண்டும் என்றால் எவ்வளவு ஓட வேண்டும்? சர்வதேச உதைபந்தாட்டத்திலே ஒரு மத்தியஸ்தர் தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்குள் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் ஓடியும் நடந்தும் கடக்கின்றார். அந்த ஓட்டமும் கண்டபடி ஓடும் ஓட்டமன்று. மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்வாக மத்தியஸ்தர் ஓடவும், அவர் பார்வைக்கு எட்டாத இரு பக்கங்களையும் எல்லைக்கோட்டுத் துணைவர் காக்கவும் அமைந்த முறையைப் பரப்பியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சேர் ஸ்டான்லி ரௌஸ். அவர் 1934ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சங்கக் கிண்ண இறுதி ஆட்டத்துக்கு மத்தியஸ்தராய் இருந்தவர். 1938ஆம் ஆண்டு உதைபந்தாட்ட விதிகளைத் திருத்தி எழுதியவர். 1961 முதல் 1974 வரை உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவராய் விளங்கியவர். இத்தனைக்கும் முன்னர் அவர் ஒரு பாடசாலையிலே விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியராக இருந்தார் என்பதை ஆசிரியர்களாகிய நாம் மகிழ்ச்சியோடு நினைவுகூரலாம்.

இனி, சிறிய ஆட்டத்துக்கு வருவோம். பெரிய ஆட்டத்தின் மத்தியஸ்தருக்கு எத்தனை துணைகள் உள என்பதை எண்ணிப் பாருங்கள். பயிற்சிபெற்ற இரு துணை மத்தியஸ்தர், வெளியே நான்காமவர், வெள்ளையாய்த் துலங்கும் கோடுகள், இறுகக் கட்டிய வலைகள். போதாக்குறைக்கு இயந்திரக் கண்களும் வந்துவிட்டன. சர்வதேசத் துடுப்பாட்டத்திலே, தொலைக்காட்சி மீள்காட்சியைப் பார்த்துத் தீர்ப்புக் கூறும் மூன்றாவது மத்தியஸ்தர் 1992ஆம் ஆண்டு, தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரிலே இந்திய அணி ஆடிய டெஸ்ட் ஆட்டத்திலே முதன்முதலாகப் பணியாற்றினார். உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்திலே அத்தகைய ஏற்பாடு 2018ஆம் ஆண்டு வந்தது. 1986ஆம் ஆண்டு மெக்சிக்கோவிலே ஆர்ஜென்ரீனாவின் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையினாலே தட்டிப் பெற்ற கோலை அன்றைய மத்தியஸ்தர் காணவில்லை. உலகம் கண்டது, இன்றுவரை பேசிக்கொண்டிருக்கின்றது. இன்று அவ்வாறு நிகழுமாயின் சில விநாடிகளிலே பிழை திருத்தப்பட்டுவிடும்.

நமது கிராமத்து ஆட்டத்துக்கு இவற்றுள் எது உண்டு? எல்லைக்கோட்டிலே கொடி பிடிப்பவர் ஒரு பாடசாலையின் மாணவர் அல்லது மற்றப் பாடசாலையின் ஆசிரியர். காலையிலே இட்ட சுண்ணாம்புக் கோடு முற்பகல் முடியுமுன் காலடியிலே கரைந்துவிடும். யாழ்ப்பாணத்திலே சோளகக் காற்று வீசும் மாதங்களிலே புழுதி கண்ணை மறைக்கும். மலையகத்துத் தோட்டப் பாடசாலையின் மைதானமோ ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்திருக்கும். கோலுக்கு வலை இராது. பந்து கம்பத்துக்கு உள்ளே சென்றதா, வெளியே சென்றதா என்பதை ஒருவருடைய கண்ணே சொல்லவேண்டும். பெரிய ஆட்டத்திலே ஐந்து பேரும் பல கருவிகளும் பகிர்ந்துகொள்ளும் சுமையை இங்கே ஒரு தனிமனிதர் தம் இரு கண்களாலும் இரு கால்களாலும் சுமக்கின்றார். மேலே செல்லச் செல்ல உழைப்பு மிகும் என்பது பொதுநம்பிக்கை. உண்மையிலே, கீழே வர வரத் துணை குறைகின்றது. ஆகவே தனியொருவரின் உழைப்புத்தான் மிகவேண்டும்.

விதிநூலும் இதற்கு முரணாக எதுவும் சொல்லவில்லை. இளையோரும் மூத்தோரும் மாற்றுத்திறனாளிகளும் ஆடும் ஆட்டங்களுக்கும், அடிமட்ட ஆட்டங்களுக்கும் சில சலுகைகளை உதைபந்தாட்ட விதிகள் அனுமதிக்கின்றன. மைதானத்தின் அளவைக் குறைக்கலாம். பந்தைச் சிறிதாக்கலாம். கோல் கம்பங்களுக்கு இடைப்பட்ட அகலத்தைச் சுருக்கலாம். ஆட்ட நேரத்தைக் குறைக்கலாம். ஆனால் மத்தியஸ்தரின் கவனத்தைக் குறைக்கலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

அடுத்த காரணம், ஆடுகின்ற பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது புலப்படும். நமது பாடசாலைப் போட்டிகள் கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை என்று படிப்படியாக உயர்வன. கோட்ட மட்டத்திலே ஆடும் அணிகளுள் மிகச் சிலவே மாகாணத்தைக் காண்கின்றன. ஏனையவற்றுக்கு அந்த முதற்சுற்றே இறுதிச் சுற்று. தோற்றால் வீடு செல்லவேண்டியதுதான். மறு ஆட்டம் இல்லை. மத்தியஸ்தருக்கு அது அன்றைய நான்காவது ஆட்டமாக இருக்கலாம். பிள்ளைக்கோ அது அந்த ஆண்டின் ஒரே ஆட்டம். சில பிள்ளைகளுக்கு அது வாழ்நாளிலேயே தம் பாடசாலையின் பெயரை நெஞ்சிலே தாங்கி ஆடிய ஒரே ஆட்டமாகவும் இருக்கும்.

சிறிய ஆட்டத்தையும் கவனமாக நடத்தவேண்டும், அதிலே வருங்காலத்துப் பெருவீரர் ஒருவர் இருக்கக்கூடும் அன்றோ என்று சிலர் சொல்லுவர். மெய்தான். 2018ஆம் ஆண்டு ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது அணியிலே தலைசிறந்து விளங்கிய தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்திலே பிறந்தவரே. ஆயினும் அஃது என் முதற்காரணமன்று. வலைப்பந்தாட்டத்திலே அணிக்கு எழுவராகப் பதினான்கு பெண்பிள்ளைகள் களத்திலே நிற்கின்றனர். அவருள் ஒருத்தி நாளைக்கு நாட்டுக்காக ஆடினாலும், மற்றப் பதின்மூவரும் ஆடப்போவதில்லை. அவர்கள் தாதியராவர், ஆசிரியராவர், வயலிலும் தோட்டத்திலும் உழைப்பர், தாய்மாராவர். நீதியான ஓர் ஆட்டத்தை ஆடும் உரிமை அந்தப் பதின்மூவருக்கும் அதே அளவிலே உண்டு. அவர்கள் பொருட்டே நான் பேசுகின்றேன்.

நான் கண்ட இரண்டு நிகழ்ச்சிகளை இவ்விடத்திலே சொல்லலாம். நான் பணியாற்றிய ஊர்களுள் ஒன்றிலே, 15 வயதுக்கு உட்பட்டோரின் உதைபந்தாட்டம் ஒன்று நடைபெற்றது. வெயில் கடுமை. மத்தியஸ்தர் நடுவட்டத்தை அண்டியே நின்றுகொண்டார். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், ஒரு கோலின் முன்னே பெரும் நெருக்கம் ஏற்பட்டது. பந்து கோட்டைக் கடந்தது என்றனர் ஒருசாரார். கடக்கவில்லை என்றனர் மறுசாரார். மத்தியஸ்தர் தூரத்திலிருந்தே விசிலை ஊதிக் கோல் என்று கைகாட்டினார். அவருடைய தீர்ப்புச் சரியாகவும் இருந்திருக்கலாம். எவருக்குத் தெரியும்? அவருக்கே தெரிந்திருக்குமா என்பதே ஐயம். சிறுவர் கூச்சலிட்டனர், பெற்றோர் கோட்டுக்குள் நுழைந்தனர், அயல் கிராமங்கள் இரண்டும் மாறிமாறிப் பழிசொல்லிக்கொண்டன. அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவ்விரு பாடசாலைகளும் ஒன்றோடொன்று ஆடவில்லை.

மற்ற நிகழ்ச்சி வேறோர் ஊரிலே நடந்தது. அங்கே மத்தியஸ்தராய் வந்தவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னரே வந்து மைதானத்தைச் சுற்றி நடந்தார். கற்களையும் கருக்குமட்டைத் துண்டுகளையும் பொறுக்கி வெளியே எறிந்தார். கோல் கம்பத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்து, அது சரிந்து பிள்ளைகள் மேல் விழாதபடி இறுக்கச் செய்தார். இரு அணித்தலைவரையும் அழைத்துப் பெயரைக் கேட்டு, அன்றைய ஆட்டம் முழுவதும் அவர்களைப் பெயர் சொல்லியே அழைத்தார். வயதினால் வேகம் குறைந்திருந்தார். ஆயினும் பந்து எங்கே போகும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து அங்கே சென்று நின்றார். அன்று எங்கள் பாடசாலை கடைசி நிமிடத்திலே ஒரு கோலினால் தோற்றது. பிள்ளைகள் அழுதனர். பந்து கோட்டைக் கடந்ததா என்று நான் எங்கள் கோல் காப்பாளனை விசாரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்னான்: “அது கோல்தான், சேர். அவர் கம்பத்தடியில நிண்டு பார்த்தவர்.”

அவன் மறுமொழியைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். மத்தியஸ்தர் நல்லவர் என்றோ, விதிகளைக் கற்றவர் என்றோ அவன் சொல்லவில்லை. அருகிலே நின்று பார்த்தவர் என்றே சொன்னான். தோல்வியை ஏற்றுக்கொள்வதற்கு அவனுக்கு அது போதுமாயிருந்தது. தூரத்திலிருந்து வரும் சரியான தீர்ப்பையும் மனம் ஏற்க மறுக்கின்றது. அருகிலிருந்து வரும் தீர்ப்பு தனக்கு எதிராயினும் மனம் அதற்கு அடங்குகின்றது.

முழு முயற்சி என்பது ஓடுவது மாத்திரமன்று. ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதன் வடிவம் வேறுபடும். 1991ஆம் ஆண்டிலே இலங்கையின் தேசிய விளையாட்டாகப் பிரகடனப்படுத்தப்பட்ட கரப்பந்தாட்டத்திலே முதல் மத்தியஸ்தர் வலையின் ஓரத்திலே உயர்ந்த மேடையில் நிற்பவர். அவர் கால்கள் அசைவதில்லை. அவருடைய உழைப்பெல்லாம் கண்ணிலேயே உளது. விரல்நுனி வலையைத் தொட்டதா, பந்து கையிலே தங்கியதா என்பதை ஒரு கணமும் தளராது நோக்கவேண்டும். இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டியிலே, முடிவுக்கோட்டிலே நிற்கும் நடுவரின் நிலையும் அதுவே. முதலாவதாக வந்தவனை எல்லோரும் காண்பர். மூன்றாவது யார், நான்காவது யார் என்பதை நடுவர் ஒருவரே காணவேண்டும். மூன்றாமவனுக்குச் சான்றிதழ் உண்டு, நான்காமவனுக்கு இல்லை.

துடுப்பாட்டத்திலே பிராங்க் செஸ்டர் என்னும் ஆங்கிலேயரை இதற்குச் சிறந்த உதாரணமாகக் கூறலாம். இளவயதிலே நல்ல ஆட்டக்காரராக மதிக்கப்பட்ட அவர், முதலாம் உலகப்போரிலே ஒரு கையை இழந்தார். இனி ஆட இயலாது என்றான பின், 1922ஆம் ஆண்டு மத்தியஸ்தரானார். 1924 முதல் 1955 வரை 48 டெஸ்ட் ஆட்டங்களிலே தீர்ப்பளித்தார். விக்கெட்டின் பின்னே தாழக் குனிந்து பந்தை நோக்கும் அவருடைய தோற்றம் அக்காலத்தவருக்கு மிகவும் பழக்கமானது. அந்த 48 ஆட்டங்களுக்கு இடையிலே பல பருவங்கள் இங்கிலாந்தின் மாவட்ட ஆட்டங்களிலே பணியாற்றினார் என்பதையே நாம் கவனிக்கவேண்டும். பெரிய நாளிலே தவறாத கண், சாதாரண நாட்களிலே பழக்கப்பட்ட கண்ணேயாகும். சின்ன ஆட்டத்திலே சோர்ந்திருந்து பெரிய ஆட்டத்திலே விழித்துக்கொள்வேன் என்பவர், பெரிய ஆட்டத்திலும் விழித்துக்கொள்வதில்லை.

மேலே சென்றவர் கீழே உள்ளதை மறவாதிருந்தமைக்குக் கென் ஆஸ்டன் ஓர் உதாரணம். அவரும் தொழிலால் ஆசிரியர். ஆரம்பப் பாடசாலை ஒன்றின் தலைமையாசிரியர். 1962ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியிலே சிலி நாட்டுக்கும் இத்தாலிக்கும் நடந்த, அடிதடிக்குப் பேர்போன ஆட்டத்துக்கு மத்தியஸ்தராய் இருந்தவர் அவரே. 1966ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கும் ஆர்ஜென்ரீனாவுக்கும் நடந்த ஆட்டத்திலே, மொழி விளங்காமையினால் எழுந்த குழப்பத்தைக் கண்டார். பின்னர் வீதிச் சந்தியின் சமிக்ஞை விளக்குகளைப் பார்த்தபோது அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. அவ்வாறு பிறந்தவையே மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும். 1970ஆம் ஆண்டு மெக்சிக்கோ உலகக் கிண்ணத்திலே அவை முதன்முதலாக வழக்குக்கு வந்தன. இத்தகைய புகழுக்குப் பின்னர் அவர் செய்தது யாது? அமெரிக்காவிலே சிறுவர் உதைபந்தாட்டத்துக்கு மத்தியஸ்தராகும் சாதாரணப் பெற்றோருக்கும் தொண்டருக்கும் பல ஆண்டுகள் பயிற்சியளித்தார். 1997ஆம் ஆண்டு பிரித்தானிய அரசு அவருக்கு எம்.பி.ஈ. விருது வழங்கியதும் அந்த அமெரிக்கச் சேவையின் பொருட்டே.

இவ்விடத்திலே ஓர் ஐயம் எழலாம். முழு முயற்சி செய்தால் பிழையே நேராதா? நேரும். 2019ஆம் ஆண்டு துடுப்பாட்ட உலகக் கிண்ண இறுதி ஆட்டத்திலே, களத்தில் நின்ற மத்தியஸ்தருள் ஒருவர் நம் நாட்டவராகிய குமார் தர்மசேன. 1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியிலே ஆடியவர். 2012ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் உலகின் சிறந்த மத்தியஸ்தருக்கான சர்வதேச விருதைப் பெற்றவர். அத்தகையவர், அந்த ஆட்டத்தின் கடைசி ஓவரிலே ஐந்து ஓட்டங்கள் வழங்க வேண்டிய இடத்திலே ஆறு ஓட்டங்கள் வழங்கினார். பின்னர் தொலைக்காட்சி மீள்காட்சியைக் கண்டபோது, அது பிழையான தீர்ப்பென வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். உச்சத்திலே நிற்பவருக்கே பிழை நேருமாயின் ஏனையோரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பிழையின்மையை நாம் எவரிடத்தும் கேட்க முடியாது. முயற்சியையோ கேட்கலாம். முயன்றும் நேர்ந்த பிழையை உலகம் மன்னிக்கும். முயலாமையால் நேர்ந்த பிழைக்கு மன்னிப்புத் தேடுவது கடினம்.

முழு முயற்சியைக் கடுமையோடு மயங்கக் கூடாது என்பதையும் சொல்லிவைக்கின்றேன். நொடிக்கொரு தரம் விசில் ஊதுபவரே உழைப்பாளி என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. பத்து வயதுப் பிள்ளை எல்லைக்கோட்டிலிருந்து பந்தைத் தவறாக எறிந்தால், அதன் காரணத்தை ஒரு வார்த்தையிலே சொல்லிக்கொடுப்பதும் மத்தியஸ்தரின் வேலையே. தவறிழைக்கப்பட்ட அணிக்கே பந்து சாதகமாகச் செல்லுமாயின் ஆட்டத்தை நிறுத்தாது விடவேண்டும் என்பது விதி. எங்கே ஊதாமல் விடவேண்டும் என்பதை அறிவதற்கும் அருகிலே இருத்தல் வேண்டும்.

மத்தியஸ்தருக்கு இவ்வளவு சொன்ன நான், ஏனையோருக்கும் சில சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். ஐந்து பாடவேளை கற்பித்துவிட்டு மைதானத்துக்கு வரும் ஓர் ஆசிரியரிடம், தொடர்ந்து நான்கு ஆட்டங்களை ஒப்படைத்துவிட்டு முழு முயற்சியை எதிர்பார்ப்பது நீதியன்று. போட்டியை நடத்துவோர் மத்தியஸ்தருக்கு ஓய்வும் நிழலும் நீரும் போக்குவரத்து வசதியும் செய்துகொடுக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு ஒருவராவது மாற்றாள் இருத்தல் வேண்டும். பெற்றோரும் பார்வையாளரும் கோட்டுக்கு வெளியே நிற்பதோடு, நாவையும் அடக்கி நிற்றல் வேண்டும். தம் பிள்ளைகளின் முன்னிலையிலே மத்தியஸ்தரைப் பழித்துரைக்கும் பெற்றோர், அப்பிள்ளைகள் நாளைக்கு ஆசிரியரையும் நீதிமன்றத்தையும் அவ்வாறே பழிப்பதற்குப் பயிற்சி கொடுக்கின்றனர். அதிபர்களாகிய நாமும், தோற்ற ஆட்டத்துக்கெல்லாம் மத்தியஸ்தரைக் காரணங்காட்டும் வழக்கத்தை விடுதல் வேண்டும். பழிச்சொல்லுக்கு அஞ்சி நல்லவர்கள் விசிலைக் கீழே வைத்துவிட்டால், ஆட்டம் நடத்த எவரும் இரார்.

இந்த வேளையிலே என் பேச்சைக் கேட்கும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆடும் காலம் குறுகியது. மத்தியஸ்தராகும் காலம் நீண்டது. இது ஆண்களுக்கே உரிய பணி என்று எண்ண வேண்டாம். 2022ஆம் ஆண்டு ஆண்கள் உலகக் கிண்ணப் போட்டியிலே, கொஸ்டரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் நடந்த ஆட்டத்துக்கு மத்தியஸ்தராக நின்றவர் ஸ்டெபனி பிராப்பார் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. ஆண்கள் உலகக் கிண்ணத்திலே அவ்வாறு நின்ற முதற்பெண் அவரே. உங்கள் ஊர்ச் சிறுவரின் ஆட்டத்துக்கு விசில் ஊத முன்வாருங்கள். விதிநூலை ஆண்டுக்கு ஒருமுறையாவது படியுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. ஆட்டத்துக்கு முன்னரே சென்று மைதானத்தைப் பாருங்கள். உடலைப் பழக்கத்திலே வைத்திருங்கள். யார் வெல்வார் என்பதை மறந்து, அடுத்த பந்து எங்கே விழும் என்பதை மாத்திரம் எண்ணுங்கள்.

சிறுவர் பலருக்கு, தம் வீட்டாரும் ஆசிரியரும் அல்லாத ஒருவர் தம்மீது அதிகாரம் செலுத்துவதை முதன்முதலாகக் காணும் இடம் விளையாட்டு மைதானமே. அந்த அதிகாரி தம் பொருட்டு வெயிலிலே ஓடுகின்றாரா, நிழலிலே நிற்கின்றாரா என்பதை அவர்கள் கூர்ந்து கவனிக்கின்றனர். நீதி என்பது உழைத்துத் தரப்படுவது என்று ஒரு பிள்ளை அங்கே கற்றுக்கொள்ளலாம். அல்லது, நீதி என்பது வல்லவனுக்கு வாய்ப்பது என்றும் கற்றுக்கொள்ளலாம். இவற்றுள் எதனைக் கற்கும் என்பது, அன்று விசிலைக் கையிலெடுத்தவர் எங்கே நிற்கின்றார் என்பதைப் பொறுத்தது. இந்த வாரமும் நம் நாட்டின் ஏதோ ஒரு மூலையிலே அத்தகைய சிறிய ஆட்டம் ஒன்று தொடங்கவிருக்கின்றது. அங்கே செல்லும் மத்தியஸ்தர் பந்தின் அருகிலே நிற்பாராக.